கடிப்பதற்கு முந்தின ஒரு நொடி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் கல்லூரிக் கலையரங்கில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் ஒரு மாதத்துக்கு முன்னால் போன் செய்தார். "இருபது நிமிஷம் பேசணும் டாக்டரே. நீங்க பல்லைப் பத்தித்தான் பேசுவீங்க, தெரியும். எங்களைப் பயமுறுத்தாமப் பேசுங்க" என்றார். அதனால் ஊசி, குறடு எதையும் கொண்டுவரவில்லை. கடலைதான் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே வரும்போது ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் கொடுத்திருப்பார்கள். வறுத்த நிலக்கடலை. தயவுசெய்து இப்போதே சாப்பிட்டுவிடாதீர்கள். பின்வரிசையில் சில பொட்டலங்கள் காலியாகிவிட்டன என்று இங்கிருந்தே தெரிகிறது. பரவாயில்லை, எங்கள் காலத்திலும் பின்வரிசை அப்படித்தான்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒரு பாதியை மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வையுங்கள. கடிக்காதீர்கள், விழாமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். இப்போது கடியுங்கள்.

'டக்' என்று அரங்கம் முழுக்கச் சத்தம் கேட்டது. நல்லது. "இதுல என்ன சார் இருக்கு, எல்லாரும் செய்றதுதானே" என்று தம்பிகள் நினைப்பார்கள். எல்லோராலும் முடியாது. இதைச் செய்ய முடியாமல் போன ஒருவரைப் பற்றியும், அது ஏன் என்று எனக்குக் காலம் கடந்து புரிந்ததைப் பற்றியும்தான் பேசப்போகிறேன். அவர் என் தாயார்.

டம்ளரில் கிடந்த பல்செட்

எனக்குச் சொந்த ஊர் வெம்பக்கோட்டை. 2022-ல் பக்கத்து விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்த பிறகு, எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் எல்லாம் வருகிறது. அதற்கு முன்னால் வெளியாருக்கு எங்களைத் தெரிந்தது வைப்பாற்று அணையாலும், தீப்பெட்டியாலும், பட்டாசாலும்தான்.

என் தாயார் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். இங்கே பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். குச்சிக்கு மருந்து முக்குவதற்கு முன்னால், ஒன்றோடு ஒன்று ஒட்டாதபடி ஒவ்வொரு குச்சியையும் சட்டத்தில் உள்ள பள்ளத்தில் படுக்க வைக்க வேண்டும். அம்மா கட்டையைப் பார்க்கவே மாட்டார். பேச்சு ஒருபக்கம், கண் ஒருபக்கம், விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த விரல்தான் எனக்கு இந்தக் கல்லூரியில் பீஸ் கட்டியது.

வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்து ஈறைக் கெடுத்து, 1986 வாக்கில் அவருக்குப் பல் முழுக்கப் போய்விட்டது. நான் அப்போதுதான் செயற்கைப் பல் கட்டுவதில் மேற்படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். விடுவேனா? என் கையாலேயே செட்டு செய்து மாட்டினேன். அளவு, கடி, நிறம் எல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளபடி. பரீட்சையில் வைத்திருந்தால் நல்ல மார்க் விழுந்திருக்கும்.

அம்மா அதைக் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவார். போட்டோ எடுக்கும்போது போடுவார். மற்ற நேரமெல்லாம் அது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீருக்குள் கிடக்கும். எனக்குக் கோபம் வரும். ஊரெல்லாம் என்னிடம் வந்து பல் கட்டிக்கொண்டு போகிறார்கள், பெற்ற தாய் இப்படிச் செய்தால் எப்படி? ஒருநாள் சத்தமே போட்டுவிட்டேன். அப்போது அம்மா சொன்னது இதுதான்:

"யய்யா, எம்பல்லு இருந்தப்ப, கடிக்கிறதுக்கு முன்னாடியே வாய்க்குத் தெரியும்யா, இது முறுக்கு, இது சோறுன்னு. இதுல கடிச்ச பெறகுதான் தெரியுது. கையில சாக்கச் சுத்திக்கிட்டுக் கட்டை அடுக்குற மாதிரி இருக்குய்யா."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும், பழகிக்கோ."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கம்மங்கஞ்சியைக் கரைத்துக் குடிப்பார். சாத்தூர்ச் சேவு என்றால் உயிர். அதையும் டீயில் ஊறப்போட்டு, குழைந்த பிறகு சாப்பிடுவார். கடலை, கொய்யா, கீரைத்தண்டு எல்லாம் ஒவ்வொன்றாக அவர் தட்டிலிருந்து போய்விட்டன. உடம்பு மெலிந்தது, ரத்தம் குறைந்தது. 1995-ல் காலமானார். பல்செட்டால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசி ஒன்பது வருஷம் அவர் விரும்பியதைக் கடித்துச் சாப்பிடவில்லை. அதற்கான காரணத்தை ஒரே வரியில் எனக்குச் சொல்லிவிட்டார். பட்டம் வாங்கிய காதுக்கு அது கேட்கவில்லை.

திரி எரிகிற நேரம்

அம்மா சொன்ன "கடிக்கிறதுக்கு முன்னாடியே" என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம்.

1924-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் மண்டைக்கு வெளியிலிருந்து பதிவு செய்தார். 1929-ல் வெளியிட்டார். நாம் இ.இ.ஜி. என்கிறோமே, அதுதான். நாற்பது வருஷம் கழித்து, 1964-ல், அதே நாட்டில் ஃபிரைபர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். ஒரு மனிதன் தானாக விரலை அசைக்கிறான். அசைவதற்கு முன்னால் மூளையில் என்ன நடக்கிறது?

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசைந்த பிறகு நடப்பதைப் பதிவு செய்வது சுலபம். அசைவதற்கு முன்னால் நடப்பதை எப்படிப் பிடிப்பது? அவன் எப்போது அசைக்கப்போகிறான் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிவு செய்தார்கள். பிறகு நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்கள். கேசட்டைப் பென்சிலில் சுற்றிய நம் தலைமுறைக்கு இது உடனே புரியும். விரல் அசைந்த இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் போய், பல தடவை செய்த பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள்.

சராசரி ஏன்? மூளையின் சாதாரண அலை பல பத்து மைக்ரோவோல்ட் இருக்கும். இவர்கள் தேடியதோ சில மைக்ரோவோல்ட். சந்தை இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போல. ஒரே தடவையில் கேட்காது. அதே முணுமுணுப்பை ஐம்பது தடவை, நூறு தடவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், தாறுமாறான இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கும், முணுமுணுப்பு தெளியும்.

அப்படித் தெளிந்தபோது, விரல் அசைவதற்கு ஒன்று, ஒன்றரை நொடிக்கு முன்பே ஒரு மெதுவான அலை எழுவது தெரிந்தது. கடைசி அரை நொடியில் அது செங்குத்தாக ஏறியது. அதன் பிறகே விரல் அசைந்தது. இதற்கு 'ஆயத்த மின்னழுத்தம்' என்று பெயர் வைக்கலாம். நம் ஊர்க்காரனுக்கு இப்படிச் சொன்னால் போதும்: வெடி வெடிப்பதற்கு முன்னால் திரி எரிகிறது. நாம் வெடியைத்தான் பார்க்கிறோம். காரியம் திரியில் தொடங்கிவிடுகிறது.

தாடையில் இதைப் பதிவு செய்வது இன்னும் கஷ்டம். உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை புடைக்கிறது அல்லவா? மூளையலை எடுக்கத் தலையில் மின்முனை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தசை கிடக்கிறது. அது போடும் மின் சத்தத்தில் மூளையின் முணுமுணுப்பு மூழ்கிவிடும். அப்படியும் 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் தாடை அசைவுக்கு முன்னால் எழும் அலையைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். வாயைத் திறப்பதற்கும் மூடுவதற்கும்கூட மூளை முன்கூட்டியே ஆயத்தமாகிறது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் கடி வேறு, மெல்லுவது வேறு. மென்றுகொண்டே இருப்பதற்கான தாளத்தை மூளைத்தண்டு பார்த்துக்கொள்ளும்; நடப்பது மாதிரி. நாம் பேசிக்கொண்டே சாப்பிடுவது அதனால்தான். ஆனால் முதல் கடி, அதாவது இது எவ்வளவு கெட்டி, எவ்வளவு வாயைத் திறக்க வேண்டும், எவ்வளவு பலம் போட வேண்டும் என்று முடிவு செய்யும் அந்தக் கடிக்கு மேல்மூளை ஆயத்தமாக வேண்டும். முறுக்கைப் பார்த்தவுடனே தாடை ஒருவிதமாகத் தயாராகிறது. இட்லியைப் பார்த்தால் வேறுவிதமாகத் தயாராகிறது.

அந்த ஆயத்தத்துக்கு மூலதனம் என்ன? இத்தனை வருஷம் கடித்த அனுபவம். அந்த அனுபவத்தை மூளைக்கு அனுப்பியது யார்?

வேரைச் சுற்றிய விரல் நுனி

பல் எலும்பில் ஆணி மாதிரி அறைந்திருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல் அதில் தொங்குகிறது. அந்தச் சவ்வு நிறைய உணர்வு நரம்பு முனைகள். பல்லை எந்தத் திசையில், எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அவை மூளைக்குச் சொல்லிவிடும். சோற்றில் ஒரு முடி கிடந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் பல்லுக்குத் தப்பாது. சொந்தப் பல் சுமார் 0.02 மில்லிமீட்டர் தகட்டைக்கூடக் கண்டுபிடிக்கும். முழு பல்செட் அணிந்தவருக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் இருந்தால்தான் தெரியும்.

1937-ல் கனடாவில் பென்ஃபீல்டு என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், எந்த உறுப்புக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று வரைபடம் போட்டார். நம் முதுகு முழுவதற்கும் கொஞ்சம் இடம்தான். கைக்கும், உதடு, நாக்கு, வாய்க்கும் பெரிய பெரிய இடம். கட்டை அடுக்கும் விரலும் கடிக்கும் வாயும் மூளையில் பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்கள். அம்மா இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள்.

பல்லைப் பிடுங்கும்போது பல்லோடு அந்தச் சவ்வும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வைக்கும் செட்டு, ஈறின்மேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக். ஈறு, நாக்கு, உதடு, தாடை மூட்டு ஆகியவை தங்களால் முடிந்த செய்தியை அனுப்புகின்றன. ஆனால் அது சாக்குத் துணிக்கு மேலிருந்து தடவிப் பார்க்கிற செய்தி. முழு செட்டு அணிந்தவரின் கடிபலம் சொந்தப் பல் உள்ளவரின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

ஸ்வீடனில் கடித்த கடலை

இப்போது உங்கள் பொட்டலத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்த சோதனை என் கற்பனையில் உதித்தது அல்ல. ஸ்வீடனில் உமியோ நகரில் ட்ருல்சன், யோஹான்சன் என்ற ஆய்வாளர்கள் 1990-களில் செய்தது. அழுத்தத்தை அளக்கும் கருவியின் மேல் பாதிக் கடலைப் பருப்பை வைத்து, முன்பல்லால் பிடிக்கச் சொன்னார்கள், பிறகு உடைக்கச் சொன்னார்கள். சொந்தப் பல் உள்ளவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்ட பலம் நூறு கிராம் எடைக்கும் குறைவு. எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி, நிதானமாகப் பிடித்தார்கள். பல்லை மரத்துப்போகச் செய்துவிட்டுப் பிடிக்கச் சொன்னால், பலம் கூடியது, நிதானம் போனது.

ட்ருல்சன் இன்னொருவரோடு சேர்ந்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில் முழு பல்செட் அணிந்தவர்களையும், எலும்பில் பதித்த பல் உள்ளவர்களையும் இதே மாதிரி சோதித்தார். வெறுமனே பிடித்திருக்க வேண்டிய நேரத்திலும் அவர்கள் வேண்டியதைவிட நிறைய பலம் போட்டார்கள். ஒரு தடவை போட்ட பலம் மறு தடவை இல்லை. கடலை எங்கே இருக்கிறது, எவ்வளவு நழுவுகிறது என்ற செய்தி வராததால், மூளை குத்துமதிப்பாக இறுக்கிப் பிடிக்கிறது.

நான் இந்தக் கட்டுரையைப் படித்தது 2001-ல். ராத்திரி, கிளினிக்கில் தனியாக. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கருவி வைத்து, கணக்குப் போட்டு அவர்கள் எழுதியிருந்ததை எங்கள் அம்மா வெம்பக்கோட்டைத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருந்தார்.

"பழகிக்கோ" என்ற சொல்

நான் அம்மாவிடம் சொன்ன "பழகிக்கோ" என்ற சொல் தப்பில்லை. அதைச் சொல்லிவிட்டு நான் போய்விட்டதுதான் தப்பு. மூளை பழகும். எந்த வயதிலும் பழகும். பழகாத, கவனம் தேவைப்படும் அசைவுக்கு முன்னால் ஆயத்த அலை பொதுவாகப் பெரிதாக எழும். கை தேர்ந்த பிறகு அதே காரியத்துக்குக் குறைந்த ஆயத்தமே போதும். கட்டை அடுக்கப் புதிதாக வந்த பெண் முதல் மாதம் திணறுவாள். ஆறு மாதத்தில் பேசிக்கொண்டே அடுக்குவாள். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா இருப்பார். பல்செட் மாட்டியவருக்கு அந்த அக்காவாக இருக்க வேண்டியவர் டாக்டர்.

அன்றிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். செட்டு கொடுக்கும் அன்றே சொல்லிவிடுவேன்: முதல் ஆறு முதல் எட்டு வாரம் இது உங்களுக்குப் பள்ளிக்கூடம். முதல் சில நாள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த செட்டை வாய் சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறது, பயப்படாதீர்கள். முதலில் குழைந்த சோறு, இட்லி. சின்னச் சின்னத் துண்டாக எடுத்து, ஒரே பக்கம் போடாமல் இரண்டு பக்கமும் பிரித்து வைத்து, மெதுவாக மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள், செட்டு பின்னால் தூக்கும். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள், நாக்கு பழகும். ராத்திரி கழற்றி வைத்து ஈறுக்கு ஓய்வு கொடுங்கள். புண் வந்தால் மறுநாளே வாருங்கள். நீங்களாக அரத்தை எடுத்து ராவாதீர்கள். சிரிக்காதீர்கள், அரத்தால் ராவிக்கொண்டு வந்தவர்கள் இந்த ஊரில் உண்டு.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். 2004-ல் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். "எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரு செட்டு வச்சு விட்ருங்க டாக்டர், இழுத்தடிக்காதீங்க" என்றார். கீழே இரண்டு கோரைப்பல்லின் வேர் மட்டும் உறுதியாக இருந்தது. பழைய நானாக இருந்தால் அதையும் எடுத்திருப்பேன். அந்த இரண்டுக்கும் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டி மூடி, அதன்மேல் செட்டை உட்கார வைத்தேன். வேர் இருந்தால் சவ்வு இருக்கும். சவ்வு இருந்தால் மூளைக்குச் செய்தி போகும். சுற்றியுள்ள எலும்பும் சீக்கிரம் கரையாது. எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துப் பல் வைக்கும் முறையை ஸ்வீடனில் பிரோனெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்குச் செய்தார். கீழ்ச்செட்டுக்கு இரண்டு திருகாவது இருப்பதே முதல் தேர்வாக வேண்டும் என்று 2002-ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். நல்ல முறைதான். ஆனால் வாரக்கூலி வாங்குகிறவருக்கு எட்டாது. சொந்த வேர் இரண்டைக் காப்பாற்றுவது எட்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். மேஜைமேல் பிரித்தார். சாத்தூர்ச் சேவு. என் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். சத்தம் கேட்டது. "கேட்டுச்சா டாக்டர்?" என்றார். கேட்டது என்று சொன்னேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தம்பி தங்கைகளுக்கு

இளைஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பல் கெட்டதும் எடுத்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். காப்பாற்ற முடியுமா என்று ஒருதரம் கேளுங்கள். புகையிலைப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆச்சி, தாத்தா தட்டைப் பாருங்கள். அவர்கள் எதைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பாருங்கள். "பிடிக்கல" என்று சொல்வார்கள். பெரும்பாலும் பிடிக்காமல் இருக்காது, கடிக்க முடியாமல்தான் இருக்கும். அவர்கள் சொல்வது உங்களுக்கு விஞ்ஞானமாகத் தோன்றாது. சாக்கு, கட்டை, குச்சி என்றுதான் சொல்வார்கள். நின்று கேளுங்கள். நான் கேட்கத் தவறியவன், அதனால் சொல்கிறேன்.

பொட்டலத்தில் மிச்சக் கடலை இருக்கிறது. பக்கத்தில் பல்செட் போட்ட நண்பர் யாராவது இருந்தால், முன்பல்லால் கடிக்கச் சொல்லாதீர்கள்; இரண்டாகப் பிளந்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கடவாயில் வைத்து மெதுவாக மெல்லச் சொல்லுங்கள். அவசரம் இல்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட இருங்கள்.